செம்பில் கேன்யன் செய்ய எந்தச் சிவப்பு வாங்குவது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சின்ன மின்சூளை ஒன்று வாங்கி, செம்புத் தகட்டில் எனாமல் (சூட்டில் உருகி ஒட்டும் கண்ணாடிப் பொடி) போட்டு, ஆன்டலோப் கேன்யனையும் கிராண்ட் கேன்யனையும் சுவரில் மாட்டும் படங்களாகச் செய்து பார்க்கிறாராம். ஒளி புகாத சிவப்பு, ஆரஞ்சுப் பொடிகளைத் தூவிச் சுட்டால் சிவப்பு கருகிவிடுகிறது. கருகாமல் தப்பியது பிளாஸ்டிக் பொம்மை நிறத்தில் நிற்கிறது. ஒரு தகட்டில் மறுநாள் காலை ஓரமெல்லாம் சில்லுச் சில்லாகத் தெறித்துக் கிடந்ததாம். ‘எந்தக் கம்பெனிச் சிவப்பு நல்லது?’ என்று முடித்திருக்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: சிவப்பு ஏன் கருகுகிறது, கண்ணாடி ஏன் தெறிக்கிறது, கருகாவிட்டாலும் அது ஏன் பாறை மாதிரி தெரியவில்லை. மூன்றாவதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பல வருடங்களாகச் செம்பில் எனாமல் செய்கிறவன், அதைக் கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நிலவியல் என் படிப்பு இல்லை. பாறைகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டது.

கம்பெனியை மாற்றிப் பயனில்லை. ஒளி புகாத அந்தப் பளீர்ச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நிறம் தருவது காட்மியம், கந்தகம், செலினியம் சேர்ந்த சேர்மங்கள். சூடு கொஞ்சம் மீறினாலும், அளவான சூட்டிலேயே திரும்பத் திரும்பச் சுட்டாலும் அவை முதலில் பழுப்பாகும், பிறகு கறுத்துப்போகும். யார் தயாரித்தாலும் இதே கதைதான். ஜெய்ப்பூரில் மீனாகாரி என்னும் எனாமல் வேலை செய்யும் கைவினைஞர்கள் சூடு தாங்கும் நிறங்களை முதலில் சுட்டுவிட்டு, தாங்காத சிவப்பைக் கடைசிக்கு வைப்பார்கள். நீங்களும் அதே வரிசையில் போகலாம். கடைசிச் சுடுதலில், சிறிய இடங்களில் மட்டும் போட்டு, மேற்பரப்பு பளபளத்ததும் தாமதிக்காமல் வெளியே எடுத்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். முதல் கேள்விக்கு இவ்வளவுதான். ஆனால் கேன்யனின் சிவப்புக்கு அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஏன் என்பதைப் பாறையில் இருந்து தொடங்க வேண்டும். ஆன்டலோப் கேன்யனின் சுவர்கள் நவஹோ மணற்கல். ஜுராசிக் காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை. அந்த மணல் கிட்டத்தட்ட நிறமில்லாத குவார்ட்ஸ். ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது. அது ஹெமடைட்டாக இருந்தால் சிவப்பு, நீரேறிய வகையாக இருந்தால் மஞ்சள், காவி. யூட்டாவில் சயன் தேசியப் பூங்காவிலும் இதே நவஹோ மணற்கல்தான். அங்கே பல செங்குத்துச் சுவர்கள் கீழே சிவந்தும் மேலே வெளுத்தும் நிற்கும். கல் உருவான பிறகு அதனூடே கசிந்து போன நீர்மங்கள் மேற்பகுதியின் இரும்பைக் கரைத்துக்கொண்டு போய்விட்டன. கிராண்ட் கேன்யனின் ரெட்வால் இன்னும் வேடிக்கை. பெயரே செஞ்சுவர், உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். மேலே இருக்கும் சுப்பாய், ஹெர்மிட் அடுக்குகளிலிருந்து மழைநீர் கொண்டுவந்த இரும்புதான் அதன் முகத்தில் சிவப்பாக வழிந்து படிந்திருக்கிறது. ஆக அங்கே சிவப்பு என்பது வெளிறிய உடம்பின் மேல் ஒரு தோல். ஒளி புகாத சிவப்பு எனாமலோ அடிமுதல் மேல்வரை ஒரே சிவப்பு, அதனுள் ஒளி இறங்கித் திரும்ப வழியில்லை. பொம்மை நிறம் வருவது அதனால்தான்.

செம்புக்கு இந்தத் தோல் இயல்பாகவே உண்டு. சூட்டில் அதன்மேல் இரண்டு ஆக்சைடுகள் உருவாகும்: உலோகத்தை ஒட்டிச் சிவப்பு, வெளிப்புறத்தில் கறுப்பு. நிறமற்ற கண்ணாடிப் பொடியை எங்கள் தொழிலில் ஃப்ளக்ஸ் என்போம். அதைச் சுத்தமான செம்பின்மேல் தூவி 800 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டுப் பாருங்கள். கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட்டால், அடியில் உருவான சிவப்பு ஆக்சைடு கண்ணாடியில் முழுதும் கரைந்திருக்காது. தகடு செங்கல் நிறத்தில் இருக்கும். இன்னும் சிறிது நேரம் விட்டால் அது இளகி ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாகும். முழுதாக உருகவிட்டால் செம்பின் பொன்னிறமே கண்ணாடிக்குள்ளிருந்து தெரியும். பொடி மெல்லிசாக விழுந்த ஓரங்களில் செம்பு கண்ணாடிக்குள் கரைந்து பச்சை தட்டும். நிறமே இல்லாத ஒரு டப்பாவில் இருந்து நான்கு நிறங்கள், நான்கும் கேன்யனில் இருப்பவை. பொடி போடுவதற்கு முன்பே வெறும் தகட்டை ஒரு நிமிடம் சூளையில் காட்டி, ஆக்சைடு படியவிட்டு, உதிரும் கரும்பொருக்கை மட்டும் தட்டிவிட்டு, அதன்மேல் ஃப்ளக்ஸ் போட்டால் ஆழ்ந்த ரத்தச் சிவப்பும் கறுப்பும் திட்டுத்திட்டாக வரும். பாறையை இவ்வளவு நெருங்கி வரும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பொருக்கை மட்டும் சூளைக்குள்ளோ பொடி டப்பாவிலோ விழவிடாதீர்கள். அடுத்த தகட்டில் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

சூளைக் கதவைத் திறந்து பார்க்கும்போது நிறத்தை நம்ப வேண்டாம். சூடாக இருக்கும்வரை எல்லாமே மங்கிய சிவப்பாகவோ கறுப்பாகவோதான் தெரியும். நிறம் ஆறும்போதுதான் திரும்பி வரும். பார்க்க வேண்டியது மேற்பரப்பை. முதலில் பொடி கறுக்கும், பிறகு சர்க்கரை போலச் சொரசொரப்பாக ஒட்டும், அடுத்து ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளமாகும், கடைசியில் மட்டமாகி ஒளிரும். உள்ளங்கை அளவுத் தகட்டுக்கு இது எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கதவைத் திறந்தால் சூடு இறங்கும் என்பதால் கடிகாரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் சரிவராது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சூடாறும்போது கண்ணாடியைவிடச் செம்பு கூடுதலாகச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் எனாமல் இருந்தால் தகடு வளையப் பார்க்கும், கண்ணாடி வளையாது, அதனால் தெறிக்கும். சிலசமயம் சூளையிலிருந்து எடுத்த உடனே, சிலசமயம் மறுநாள், அபூர்வமாக ஒரு வாரம் கழித்தும். தகட்டின் பின்பக்கமும் எனாமல் போட வேண்டும், ஏறக்குறைய முன்பக்கத்தின் அதே கனத்தில். நீங்கள் பின்பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதால் இதுதான் காரணம் என்று ஊகிக்கிறேன். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. தெறித்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்புப் பொருக்கு ஒட்டியிருந்தால், பழைய ஆக்சைடின்மேல் பொடி போட்டிருக்கிறீர்கள். சில்லு சுத்தமாக இருந்து, அது கழன்ற இடத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்தால், ஒன்று தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும், அல்லது கண்ணாடி போதிய அளவு உருகிப் பிடிக்கவில்லை, அல்லது பூச்சு கனம் கூடிப்போனது. நான் முதலில் பின்பக்கத்தைச் சுட்டு முடித்துவிட்டு, அப்போது முன்பக்கத்தில் படிந்த கறுப்பைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து எடுத்துவிடுவேன். சிட்ரிக் அமிலம் கைவசம் இல்லாத நாளில், நம் வீடுகளில் செம்புப் பாத்திரம் துலக்குவது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாலும் வேலை நடக்கும்; நன்றாக அலச வேண்டும், அவ்வளவுதான். குழாயடியில் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும். முத்துக் கட்டினால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. அதன்பிறகு முகப்பை விரலால் தொடவே கூடாது.

தகடு 1 மில்லிமீட்டர் கனம், அதாவது 18 கேஜ், இருக்கட்டும். கொஞ்சம் பெரிய படம் என்றால் லேசாகக் குவிந்த வடிவத்தில் தட்டிக்கொள்வது நல்லது. தட்டையான தகடு முறுக்கிக்கொள்ளும். அப்படியும் முறுக்கினால், சூளையிலிருந்து எடுத்த கையோடு, கண்ணாடி ஒட்டாத அளவுக்கு இறுகியதும், ஒரு இரும்புக் கட்டியைப் பாரமாக வைத்து ஆறவிடுவோம். ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் ஆறவைக்காதீர்கள். பீனிக்ஸ் வெயிலில் பட்டறையில் ஏசி இல்லாமல் சூளைப் பக்கம் நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். காற்றின் திசையையாவது மாற்றி வையுங்கள்.

இனி படத்துக்கு. கிராண்ட் கேன்யன் கிடைமட்ட அடுக்கு, ஆன்டலோப் வளைவு. இரண்டையும் ஒரே முறையில் செய்ய முடியாது. கிராண்ட் கேன்யனில் மேலிருந்து கீழே வந்தால் கைபாப் சுண்ணாம்புக்கல்லின் வெளிர் சாம்பல், கோக்கோனினோ மணற்கல்லின் தந்த நிறம், ஹெர்மிட்டின் அடர் செங்கல், சுப்பாயின் செம்படிகள், ரெட்வாலின் நெடுஞ்சுவர், பிரைட் ஏஞ்சல் களிப்பாறையின் பச்சை கலந்த சாம்பல், டபீட்ஸின் பழுப்பு, அடியில் 170 கோடி ஆண்டுப் பழைமையான விஷ்ணு பாறையின் கருமை. கடினமான பாறை செங்குத்தாக நிற்கிறது, மென்மையானது சரிவாக இறங்குகிறது. அந்தப் படிக்கட்டு வடிவத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் அடுக்கினால் கொடி மாதிரி ஆகிவிடும். இதற்குக் கிழித்த காகிதம்தான் என் கருவி. செய்தித்தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், குறுக்குத் திசையில் பிசிறு பிசிறாகக் கிழியும். நேர்க்கிழிசல் சரிவுகளுக்கு, பிசிறு உடைந்த பாறை விளிம்புகளுக்கு. காகிதத்தை நனைத்துத் தகட்டில் படியவைத்து, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் சலித்த) பொடியைச் சல்லடையில் தூவி, இடுக்கியால் ஒரே இழுப்பில் தூக்கிவிட வேண்டும். தயங்கினால் ஓரத்துப் பொடி சரியும். சாய்ந்த பரப்பில் பொடி நிற்க, முதலில் பசைநீரைத் தெளித்துக்கொள்ளலாம், ஆனால் முழுதும் காய்ந்த பிறகுதான் சூளைக்குள் போக வேண்டும். ஈரம் இருந்தால் பொடி கொதித்துத் துள்ளும்.

கோக்கோனினோ, நவஹோ இரண்டுமே பழைய மணல்மேடுகள் என்பதால் சுவரில் சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். தந்த நிறப் பொடியைச் சுட்ட செந்நிறத்தின்மேல் தூவி, சுடுவதற்கு முன் ஊசியாலோ உடைந்த சீப்பாலோ கீறினால், கீறிய இடத்தில் அடிநிறம் கோடாகத் தெரியும். கை ஒரே வீச்சில் போக வேண்டும். இன்னொரு வழி, செம்பையே முதலில் ஃபெரிக் குளோரைடில் அரித்து அடுக்குகளைப் பள்ளமாக்கி, மேலே ஒளி புகும் நிறத்தை விடுவது. பள்ளத்தில் கண்ணாடி கனமாக நிற்பதால் அங்கே நிறம் ஆழும், மேட்டில் வெளிறும். அமெரிக்க எனாமல் கலைஞர் ஜூன் ஷ்வார்ட்ஸ் (1918–2015) செம்பை அரித்தும், மெல்லிய தகட்டின்மேல் மின்முலாமால் செம்பைக் கனமாக வளர்த்தும், அந்தக் கரடுமுரடின்மேல் ஒளி புகும் எனாமல் விட்டுப் பாத்திரங்கள் செய்தார். அவை நிலக்காட்சிப் படங்கள் இல்லை, ஆனாலும் உலோகத்தின் மேற்பரப்பு எவ்வளவு பேசும் என்பதற்கு அவற்றைத்தான் மாணவர்களுக்குக் காட்டுவேன். பயன்படுத்திய ஃபெரிக் குளோரைடில் செம்பு கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றக் கூடாது.

ஆன்டலோப்பில் கிராண்ட் கேன்யன் மாதிரி நிற அடுக்குகள் இல்லை, ஒளிதான் விஷயம். மேலே உள்ள ஒடுங்கிய பிளவு வழியே இறங்கும் வெயில் ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தெறித்து மறுபடி தெறித்து இறங்குகிறது; வெயில் தெறிக்கும் இடம் தணல் ஆரஞ்சு, வானத்தின் நீலம் மட்டும் எட்டும் மடிப்புகள் கத்தரிப்பூ நிறம். அந்த மடிப்புகளுக்கு ஃப்ளக்ஸின்மேல் ஒளி புகும் ஊதாவை மெல்லிசாகப் போட்டால் போதும். ஒளிக்கீற்றுக்கு வெள்ளித்தாள் வைக்கலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. வெள்ளியும் செம்பும் நேராகத் தொட்டுக்கொண்டால் 779 டிகிரியிலேயே இரண்டும் சேர்ந்து உருகத் தொடங்கும், தனித்தனியே அவற்றின் உருகுநிலை 962, 1085 என்றாலும். எனவே இடையில் சுட்ட ஃப்ளக்ஸ் கட்டாயம். வெள்ளித்தாளில் ஊசியால் சில துளைகள் போட்டால் அடியில் சிக்கிய காற்று வெளியேறும். அடுத்தது, ஒளி புகும் சிவப்பும் ஆரஞ்சும் நேராக வெள்ளியின்மேல் மஞ்சளித்துப்போகலாம்; வெள்ளிக்கென்று இருக்கும் ஃப்ளக்ஸை முதலில் போட்டு, அதன்மேல் நிறம். இனிப்பின்மேல் ஒட்டுகிற வெள்ளி வரக்கு இதற்கு மிக மெல்லியது, பெரும்பாலும் கண்ணாடிக்குள் காணாமலே போய்விடும்.

இவ்வளவு செய்தும் படம் பொம்மை மாதிரியே தெரிந்தால் பளபளப்புதான் காரணம். மணற்கல்லில் பளபளப்பு கிடையாது. ஆரஞ்சுத்தோல் நிலையிலேயே எடுத்த பரப்பு மணற்கல்லுக்கு மிக நெருக்கமாக இருக்கும். அதற்கும் கீழே சர்க்கரை நிலையில் நிறுத்தினால் அழுக்குப் பிடிக்கும், உதிரவும் செய்யும். முழுதாகச் சுட்டுவிட்டு ஓடும் தண்ணீரில் கார்போரண்டம் கல்லாலோ வைர அட்டையாலோ தேய்த்து மங்கவைப்பதுதான் எனக்குப் பிடித்தது. தேய்க்கும்போது மேல்நிறம் மேடுகளில் கழன்று அடிநிறம் எட்டிப்பார்க்கும், ரெட்வாலில் சிவப்பு உரிந்த இடத்தில் சாம்பல் தெரிவதுபோல். கண்ணாடியை அரிக்கும் பசைகளும் கடையில் உண்டு. அவற்றில் இருக்கும் ஃப்ளோரைடு தோலுக்குள் இறங்கும் வகை. தேய்ப்பதற்குச் சோம்பல்பட்டு அதைத் தொட வேண்டாம். முழுப்பளபளப்பை ஒரே ஒரு இடத்துக்கு மிச்சம் வையுங்கள்: நீர் கசியும் பாறை, அல்லது சுவரில் கறுப்பாக வழிந்திருக்கும் பாலைப்பூச்சு. அரிசோனாவின் இன்னொரு பள்ளத்தாக்கான கேன்யன் டி ஷேயின் சுவர்களில் நெடுநெடுவென்று இறங்கும் அந்தக் கரும்பட்டைகள் மாங்கனீசும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடுப் படிவு. அது உருவாவதில் நுண்ணுயிர்களின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. நம் வேலைக்கு அந்த வழக்கு தேவையில்லை. கறுப்பு எனாமலை நீரில் குழைத்து, தகட்டைச் செங்குத்தாகப் பிடித்துத் தூரிகையிலிருந்து தானாக வழியவிட்டால் பட்டை அச்சு அசலாக வரும்.

இதுவரை சொன்னதில் ஆக்சைடு வேதியியல், பின்பூச்சு, 779 டிகிரி ஆகியவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. நேரமும் நிறமும் அப்படியல்ல. உங்கள் சூளையின் பின்மூலை முன்பக்கத்தைவிடச் சூடாக இருக்கலாம். ஒரே பெயருள்ள ஃப்ளக்ஸ் அடுத்த முறை வாங்கும்போது கொஞ்சம் வேறாகவும் நடக்கலாம். சின்னச் சதுரத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொரு பொடியையும் குறைச்சூடு, சரிச்சூடு, மிகைச்சூடு என்று சுட்டு, பின்னால் விவரம் எழுதி மாட்டிவையுங்கள். அதைச் செய்யாமல் பெரிய தகட்டுக்குப் போகிறவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததில்லை.

முதல் வாங்கலுக்கு: ஃப்ளக்ஸ் நிறைய, ஒளி புகாத தந்த நிறம், பச்சை கலந்த சாம்பல், கறுப்பு, ஒளி புகும் பழுப்பு, ஒளி புகும் ஊதா. ஏற்கெனவே வாங்கிய ஆரஞ்சு வீணாகாது. தணல் தெறிக்கும் இடத்தில் கடைசிச் சுடுதலுக்கு ஒரு சிட்டிகை போதும். அமெரிக்காவில் எளிதாகக் கிடைக்கும் தாம்சன் பொடிகள் இப்போது ஈயம் இல்லாதவை. யாராவது பழைய சரக்கை மலிவாகக் கொடுத்தால் அதில் ஈயம் இருக்கலாம், இரண்டையும் ஒரே தகட்டில் கலக்காதீர்கள். ஈயம் இல்லாவிட்டாலும் தூவும்போது தூசுமுகமூடி கட்டாயம், சமையலறை மேசையில் வேலை கூடாது, சூளைக்குள் பார்க்க அகச்சிவப்புத் தடுக்கும் கண்ணாடி வேண்டும்.

அரிசோனாவில் சந்தையில் வைத்து விற்பதானால் ஒரு விஷயம். ஆன்டலோப் நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அவர்களுடைய வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். நிலத்தை வரையலாம். ஆனால் உங்கள் படைப்பு அவர்கள் கையால் ஆனது என்று வாங்குபவர் நினைக்கும்படி பெயரோ விளம்பரமோ வைத்தால், அது அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு ‘இந்தியன் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ சட்டப்படி குற்றம். மாட்டுவதற்கான துளைகளைப் பொடி போடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். எனாமலுக்குப் பிறகு துளையிட்டால் கண்ணாடி விரியும். துளை வேண்டாம் என்றால் பின்பக்கத்தில் சிலிக்கோன் பசை வைத்து மரப்பலகையில் ஒட்டலாம். அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், பீனிக்ஸ் கோடையில் பலகை விரிந்து சுருங்கினாலும் தகட்டை இழுக்காது.